‘ஒன்ஸ் மோர் டீச்சர்!’ என்றால் பாட்டிலை மூடுங்கள்

என் இடது மணிக்கட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. வளையல் போட்டால் மறைந்துவிடும். அதை வாங்கிக்கொண்டது ஒரு நவம்பர் மாதம், மதியம் கஞ்சிக்குப் பிறகு வந்த முதல் பீரியடில். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் 26 வருடம் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்தேன். அத்தனை வருடத்தில் வகுப்பில் தீப்பிடித்தது அந்த ஒரு தடவைதான். ஆனாலும் வெடி, புகை, வண்ணத் தீ என்று காட்ட ஆசைப்படும் இளம் ஆசிரியர்கள் யாரைப் பார்த்தாலும் அந்தக் கதையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். ஏனென்றால் அன்றைக்கு நான் செய்தது எல்லாமே சரியாக நடந்தது, முதல் தடவை.

ஐந்து பீங்கான் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை உப்பு: ஸ்ட்ரான்ஷியம் குளோரைடு, காப்பர் குளோரைடு, சாதாரண சமையல் உப்பு, பொட்டாசியம் குளோரைடு, போரிக் அமிலம். மேலே கொஞ்சம் மெத்தனால். ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பற்றவைத்தேன். சிவப்பு, நீலப்பச்சை, மஞ்சள், ஊதா, பச்சை. பிள்ளைகள் ‘ஹோ’ என்றார்கள். பச்சைக் கிண்ணம்தான் முதலில் மங்கியது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், “டீச்சர், ஒன்ஸ் மோர்! பச்சை சரியாத் தெரியல!” என்றான். அரை லிட்டர் பாட்டில் மேசையிலேயே இருந்தது. பாதிதான் மிச்சம். எடுத்து, அணைந்துபோன கிண்ணத்தில் சாய்த்தேன்.

அது அணைந்திருக்கவில்லை.

‘புஸ்’ என்று ஒரு சத்தம். பாட்டில் வாயிலிருந்து தீ ஒரு குழாய்த் தண்ணீர் போலப் பீய்ச்சியது. கை தானாகவே பாட்டிலை விட்டுவிட்டது. மேசை முழுக்க நீலமாக ஏதோ நெளிந்தது. முன் பெஞ்சுப் பையன் ஒருவனின் புருவம் பொசுங்கியது. கஞ்சிப்புரையிலிருந்து சமையல் அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்து, பாத்திரம் கழுவும் இடத்தில் நனைந்து கிடந்த அரிசிச் சாக்கைத் தூக்கி மேசைமேல் போட்டார். தீயணைப்பான் வராந்தாக் கடைசியில், பூட்டிய அலுவலக அறைக்குள் இருந்தது.

இதை ‘கைதவறல்’ என்று எழுதிவைக்கச் சொன்னார்கள். கை தவறவில்லை. நடந்தது என்னவென்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. அதை உங்களுக்குச் சொல்லிவிட்டால் மற்ற எல்லா விதிகளும் தானாக விளங்கும்.

மெத்தனால் 11 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட அவ்வளவு குளிராது. மெத்தனால் ஆவி காற்றில் சுமார் 6 முதல் 36 சதவீதம் வரை கலந்திருந்தால் எரியும். அறை வெப்பத்தில், பாதி காலியான பாட்டிலுக்குள் இருக்கும் ஆவியும் காற்றும் சரியாக இந்த வரம்புக்குள்தான் வரும். பெட்ரோல் கேனுக்குள் ஆவி அதிகமாகி, காற்று போதாமல் தீ உள்ளே போவது அரிது. மெத்தனால் பாட்டில் அப்படியில்லை, உள்ளே கலவை எப்போதும் தயாராகக் காத்திருக்கிறது. சாய்க்கும்போது கிண்ணத்துத் தீ ஆவியைப் பிடித்துக்கொண்டு பாட்டிலுக்குள் ஏறுகிறது, உள்ளே அழுத்தம் கூடுகிறது, எரிகிற திரவத்தை வெளியே தள்ளுகிறது. பாட்டில் நிறைய இருப்பதைவிடப் பாதி காலியாக இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம். போதாததற்கு மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. உப்பின் வண்ணம் தீர்ந்ததும் தீயும் தீர்ந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

நான் மட்டும் செய்த முட்டாள்தனம் இல்லை இது. 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் ரீனோ நகரத்து அறிவியல் அருங்காட்சியகம் ஒன்றில், பற்றவைத்த பஞ்சு சரியாக எரியவில்லை என்று மேலும் மெத்தனால் ஊற்றினார்கள். 13 பேர் காயம்பட்டார்கள், அதில் பலர் குழந்தைகள். சரியாகப் பன்னிரண்டே நாள் கழித்து டென்வரில் ஒரு பள்ளி. அங்கேயும் தீ போதவில்லை என்று நாலு லிட்டர் பாட்டிலிலிருந்து நேரடியாக ஊற்றினார்கள். தீ பாய்ந்துபோய் பத்தடிக்கு மேல் தள்ளி இருந்த மாணவரைச் சுட்டது. அந்த வருடத் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒரு மாணவர் மோசமாக எரிந்த பிறகு, திறந்த மேசையில் மெத்தனால் வைத்து வண்ணத் தீ காட்டுவதை நிறுத்தச் சொல்லி அமெரிக்க வேதியியல் சங்கம் ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டது. அதற்கு அப்புறமும்தான் அந்த இரண்டும் நடந்தன.

ஆக, காட்சி சரியாக நடக்கும்போது பெரும்பாலும் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. அது நடக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போதும், நடந்து முடிந்துவிட்டதாகத் தோன்றும்போதும்தான் ஆபத்து. இனி சொல்வதெல்லாம் இந்த இரண்டு நேரத்துக்கான ஏற்பாடுதான்.

முதலில், எரியும் திரவம் எதுவானாலும் அதன் பெரிய பாட்டில். அது வகுப்புக்குள் வரவே கூடாது. ஸ்டோர் ரூமிலேயே, தீ எதுவும் இல்லாத நேரத்தில், தேவையான அளவை மட்டும் ஒரு சிறிய மருந்து பாட்டிலில் அளந்து, பெயர் எழுதி ஒட்டி எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஊற்றியதும் காலிப் பாட்டிலையும் மூடி, அறைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். நான் ஒரு மாணவியிடம் கொடுத்து லேபுக்கு அனுப்பிவிடுவேன். அவள் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் தீக்குச்சி. இன்னொரு தடவை காட்ட எதுவும் கையில் இருக்கக் கூடாது. பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும். நாமே நம்மை நம்பக் கூடாத நேரம் அது. கைதட்டல் கேட்டால் யாருக்கும் புத்தி கொஞ்சம் இளகிவிடும்.

வண்ணத் தீக்கு மெத்தனாலே வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். ஐஸ் குச்சிகளை ஒவ்வொரு உப்புக் கரைசலிலும் முந்தின ராத்திரியே ஊறவைத்துவிடுங்கள். காலையில் பர்னர் தீயில் ஒவ்வொன்றாகக் காட்டினால் அதே சிவப்பு, அதே பச்சை. குச்சி கருகத் தொடங்கினால் தண்ணீர் பீக்கரில் போட்டுவிடலாம். ‘ஒன்ஸ் மோர்’ என்று கேட்டால் இன்னொரு குச்சி எடுத்துக் காட்டலாம், ஒரு பயமும் இல்லை. நிக்ரோம் கம்பி வளையம் இருந்தால் இன்னும் நல்லது. சமையல் உப்பை மட்டும் கடைசியில் காட்டுங்கள். சோடியத்தின் மஞ்சள் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு வரும்.

அடுத்து அறை. பாலக்காட்டுக் கணவாயில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்குக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும். நவம்பர், டிசம்பரில் விருச்சிகக் காற்று கிழக்கிலிருந்து, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து, மண்ணை அள்ளிக்கொண்டு வரும். உபஜில்லா சாஸ்திர மேளாவும் (பள்ளிகளுக்கான வட்டார அறிவியல் கண்காட்சி) ஏறக்குறைய அந்தப் பருவத்தில்தான் வரும், அதுதான் கூத்து. தீ காட்டப்போகும் அறையில் ஃபேனை நிறுத்துங்கள். காற்று வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, எதிர்ப் பக்கத்தைத் திறந்துவையுங்கள். புகை வரும் காட்சி என்றால் அறையையே விட்டுவிடுங்கள். வராந்தாவில், காற்று நமக்குப் பின்னாலிருந்து வீசி வெளியே போகும்படி நின்று செய்யுங்கள். பிள்ளைகளும் நம் பின்பக்கத்தில்தான் நிற்க வேண்டும். முன் பெஞ்சை இழுத்துப் பின்னால் போடுங்கள். மூன்று மீட்டர் இடைவெளி என்று வாயால் சொன்னால் நிற்காது. சாக்பீஸால் தரையில் கோடு கிழித்துவிடுங்கள், கோட்டைத் தாண்டினால் காட்சி நின்றுவிடும் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். ஒரு தடவை உண்மையிலேயே நிறுத்திக் காட்டினால் வருடம் முழுக்கப் போதும்.

பாலியஸ்டர் எரியும்போது உருகித் தோலில் ஒட்டும். என் மணிக்கட்டில் ஒட்டியது சேலை முந்தானைதான். காட்சி உள்ள நாளில் பருத்தி உடுத்துங்கள், முந்தானையைச் செருகுங்கள். மாணவிகள் ஷாலைப் பின்னால் முடிச்சுப் போட வேண்டும், சடையைச் சட்டைக்குள் விட வேண்டும். செய்கிறவருக்கும், பக்கத்தில் உதவிக்கு நிற்கிறவருக்கும் பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். பவர் கண்ணாடி அதற்குப் பதில் ஆகாது. தெறிப்பது ஓரத்தில்தான் நுழையும்.

தண்ணீர். சித்தூர் தாலுக்கா மலைமறைவுப் பிரதேசம், கோடையில் குழாயை நம்ப முடியாது. ஆகையால் இரண்டு வாளி தண்ணீர், ஒரு வாளி காய்ந்த மணல், ஒரு நனைத்த சாக்கு, ஒரு தீயணைப்பான் நான்கும் அறைக்குள்ளேயே, வாசலுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும். உலோகம் எரிகிற தீயில் தண்ணீர் படவே கூடாது, மணல் மட்டும்தான். அலுமினியப் பொடியையும் இரும்பு ஆக்சைடையும் சேர்த்து எரிக்கும் தெர்மைட்டைப் பள்ளியில் காட்டவே வேண்டாம் என்பது என் கட்சி. 2000 டிகிரியைத் தாண்டும் சூட்டில் உருகிய இரும்பு, ஈர மண்ணில் பட்டாலே தெறிக்கும். வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி எங்கள் பக்கத்து மேளாக்களில் அதிகம் காட்டும் சிலவற்றைப் பார்ப்போம்.

எரிமலை. ஆரஞ்சு நிற அமோனியம் டைகுரோமேட்டைக் குவித்து, உச்சியில் பற்றவைத்தால் பொறி பறந்து பச்சைச் சாம்பல் பொங்கும். பார்க்க இதைவிட அழகான காட்சி கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆரஞ்சு உப்பில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. எல்லாமும் பச்சையாக மாறிவிடுவதில்லை. மாறாத துகள் புகையோடு பறக்கும், சாம்பலிலும் மிஞ்சும். நான் பார்த்த ஒரு மேளாவில் காட்சி முடிந்ததும் ஒரு சின்னப் பையன் குனிந்து அந்தச் சாம்பலை ஊதினான். பஞ்சு மாதிரி பறந்தது. அவன் அம்மா சிரித்துக்கொண்டே புடவை நுனியால் அவன் முகத்தைத் துடைத்தார். எனக்கு அடிவயிறு கலங்கியது. இதைத் திறந்த இடத்தில் செய்யவே கூடாது. புகை உறிஞ்சும் பெட்டி இல்லாத பள்ளி இந்த உப்பை வாங்கவே வேண்டாம். சமையல் சோடாவும் வினிகரும் வைத்து எரிமலை செய்தால் பிளஸ் டூ பிள்ளைகள் ‘இது சின்னப் பிள்ளைகளின் எல்.பி. ஸ்கூல் ஐட்டம்’ என்று கேலி செய்வார்கள். செய்யட்டும்.

சோடியம். ‘அரிசி மணி அளவு’ என்று புத்தகத்தில் இருக்கும். அரிசி என்றால் நம் மட்ட அரிசி இல்லை, பிரியாணிக்குப் போடும் சிறுமணிக் கைமா. ஈரமில்லாத டைல்ஸ் துண்டின்மேல், ஈரமில்லாத கத்தியால், இடுக்கியில் பிடித்து நறுக்குங்கள். விரல் படக் கூடாது. மண்ணெண்ணெயை வடிதாளில் ஒற்றி எடுங்கள். அகலமான தொட்டியில் நிறையத் தண்ணீர் வேண்டும். பீக்கர், சோதனைக் குழாய் மாதிரிக் குறுகலான எதிலும் போடக் கூடாது. சோடியம் 98 டிகிரியில் உருகிவிடும். தண்ணீரில் உருண்டையாகி, தன் சூட்டிலேயே உருகி, வண்டு மாதிரி சுற்றிக்கொண்டு ஓடும். உருண்டை சிறுத்துக்கொண்டே போய்க் கண்ணுக்கு மறையும் நேரத்தில்தான் பிள்ளைகள் ‘எங்கே போச்சு?’ என்று எட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கடைசித் துளிதான் ‘டப்’ என்று வெடித்து, சோடியம் ஹைட்ராக்சைடை முகத்தில் தெறிக்கும். தொட்டிக்கு முன்னால் ஒரு அக்ரிலிக் பலகை நிறுத்துங்கள். சத்தம் நின்ற பிறகும் ஒரு நிமிடம் யாரும் நகரக் கூடாது. நறுக்கி மிஞ்சிய பொடித் துணுக்குகளைத் தொட்டியிலோ ஸிங்கிலோ போடாதீர்கள். தீ இல்லாத இடத்தில், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒவ்வொன்றாகப் போட்டுக் குமிழி முழுக்க அடங்கும்வரை விடுங்கள்.

‘தீக்குச்சி இல்லாமல் தீ.’ பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மேல் கிளிசரின். சாமியார்கள் மந்திரம் சொல்லி ஹோமகுண்டத்தில் தீ வரவழைப்பதன் குட்டு இதுதான் என்று ஊர் ஊராகச் செய்துகாட்டியவர் பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த். கோழிக்கோட்டில் பிறந்து, கடைசிக் காலத்தில் எங்களுக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் போத்தனூரில் இருந்தார், 2009-ல் காலமானார். இந்தப் பக்கத்து அறிவியல் இயக்கத்தார் நிகழ்ச்சிகளிலும் இது உண்டு. மூடநம்பிக்கையை உடைக்க இதைவிட நல்ல காட்சி இல்லை, நான் இதை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் இது உடனே பற்றாது. படிகம் பெரிதாக இருந்தால், காற்று குளிர்ச்சியாக இருந்தால் அரை நிமிடம், ஒரு நிமிடம் சும்மா கிடக்கும். ‘பத்தலையே’ என்று குனிவது, குச்சியால் கிளறுவது, இன்னும் கொஞ்சம் ஊற்றுவது இந்த மூன்றையும் செய்யாதிருந்தால் பாதி ஆபத்து போயிற்று. ஒரு தேக்கரண்டிக்கு மேல் பெர்மாங்கனேட் வேண்டாம், நாலைந்து சொட்டு கிளிசரின் போதும். பத்து நிமிடம் ஆகியும் பற்றவில்லையென்றால் கைநீட்டித் தள்ளி நின்று ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பெர்மாங்கனேட் பாட்டிலையும் அடர் கந்தக அமில பாட்டிலையும் ஒரே மேசையில்கூட வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் தானாக வெடிக்கும் பொருள் உண்டாகும்.

பொட்டாசியம் குளோரேட்டைப் பற்றி ஒரே வரி: பள்ளி அலமாரியில் இருந்தால் முதல்வருக்கு எழுதிக் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். நெம்மாறை வல்லங்கி வேலா திருவிழாவின் வாணவேடிக்கையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள், அவர்களுக்கு வெடி என்றால் உயிர். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவைக்கு இந்தியாவில் 1992-லிருந்தே தடை, பட்டாசுக்காரர்களுக்கே அனுமதி இல்லாதது நமக்கு எதற்கு? வெல்டிங் பட்டறையிலிருந்து பையன்கள் டவுசர் பாக்கெட்டில் போட்டுக் கொண்டுவரும் கார்பைடு கல்லும் இதே வகைதான். வாங்கி வைத்துவிடுங்கள், ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த தடவை உங்களிடம் காட்டாமல் மைதானத்தில் செய்வான்.

ஹைட்ரஜனைக் கண்ணாடிக் குடுவையிலேயே உண்டாக்கி, குழாய் முனையில் பற்றவைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். காற்றில் 4-லிருந்து 75 சதவீதம் வரை எந்தக் கலவையானாலும் அது எரியும். குடுவைக்குள் காற்று மிஞ்சியிருந்தால் தீ உள்ளே போய்க் கண்ணாடியைச் சிதறடிக்கும். தண்ணீருக்கு மேல் சோதனைக் குழாயில் பிடித்து, மூடி, குடுவையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளிக் கொண்டுபோய்ப் பற்றவையுங்கள். ‘பாப்’ சத்தம் அதே சத்தம்தான்.

யானைப் பற்பசை என்று ஒன்று யூடியூபில் ஓடுகிறது. அதில் ஊற்றுவது 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, கையில் பட்டால் தோல் வெளுத்து எரியும். நீங்கள் மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீதத்தையே பயன்படுத்துங்கள், பாட்டிலில் ‘20 வால்யூம்’ என்று போட்டிருக்கும். நுரை கூரைக்குப் போகாது, மேசைக்குப் போகும், அது போதும். நுரையைப் பிள்ளைகள் தொட விடாதீர்கள். மிஞ்சிய பெராக்சைடைப் பழைய பாட்டிலில் திருப்பி ஊற்றக் கூடாது. ஒரு துளி அழுக்கு போனால்கூட உள்ளே சிதைந்து வாயு நிறையும், மூடிய பாட்டில் அலமாரியிலேயே வெடிக்கும்.

எந்தக் காட்சியையும் பிள்ளைகள் முன்னால் முதல் தடவையாகச் செய்யாதீர்கள். முந்தின நாள் சாயங்காலம், உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, அதே கிண்ணம், அதே அளவு, அதே பாட்டிலிலிருந்து செய்து பாருங்கள். பாட்டில் மாறினாலே செறிவு மாறலாம், லேபில் லேபிள் உதிர்ந்த பாட்டில்கள் எத்தனை என்று எல்லாருக்கும் தெரியும்.

இவ்வளவுக்கும் மேல் ஏதாவது நடந்துவிட்டால்: உடையில் தீ என்றால் ஓட விடாதீர்கள், தரையில் படுக்கவைத்து உருட்டுங்கள், நனைத்த சாக்கால் மூடுங்கள். தீப்பட்ட இடத்தில் சாதாரணத் தண்ணீர், முழுசாக 20 நிமிடம், கடிகாரம் பார்த்து. ஐஸ் வேண்டாம். பேஸ்ட், மஞ்சள், தேங்காயெண்ணெய், பேனா மை எதுவும் வேண்டாம். எனக்கு ஒரு மாஷ், கூட வேலை பார்த்த ஆசிரியர், பேஸ்ட் தடவிவிட்டார், பாவம், நல்லெண்ணத்தில்தான். ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுத்ததுதான் சுட்டதைவிட வலித்தது. தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். கண்ணில் தெறித்தால் இமையை விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள், அதுவும் 20 நிமிடம். ஒருவர் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும்.

அப்புறம் ஒரு நோட்டு. அன்றைக்கு ‘யாரிடமும் சொல்ல வேண்டாம் டீச்சர், மாத்ருபூமி பேப்பரில் வந்துவிடும்’ என்றார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த வருடம் பக்கத்து அறையில் புதிதாக வந்த ஒரு பெண், அதே ஐந்து கிண்ணங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மெத்தனால் பாட்டில் மேசையிலேயே. அவளுக்கு எப்படித் தெரியும்? வளையலைக் கழற்றிக் காட்டினேன். அன்றிலிருந்து லேப் மேசை டிராயரில் 200 பக்க நோட்டு ஒன்று வைத்தோம். தேதி, என்ன காட்சி, எவ்வளவு அளவு, எது எதிர்பார்த்தபடி நடக்கவில்லை, யார் கோட்டைத் தாண்டினார்கள். காயம் ஆனதை மட்டும் எழுதக் கூடாது, தப்பித்ததையும் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் என் கதையை நானே எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் அந்தப் பெண் எழுதியது: ‘கிளிசரின், 5 சொட்டு. 70 வினாடி பற்றவில்லை. குனியலாம் என்று தோன்றியது. குனியவில்லை.’